எல்லாம் ஓடும் சார்!

குக்கருக்கு கேஸ்கெட் வாங்கப் போகிறோம். கம்பெனி பெயரையும் லிட்டர் கணக்கையும் சொன்னால் போதும். பாத்திரக்கடைக்காரர் கொக்கியில் தொங்குகிற கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்துவிடுகிறார். பொருந்தாவிட்டால் மறுநாள் முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார். நூறு, நூற்றைம்பது ரூபாய்ச் சாமானுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை, எழுபதாயிரம் எண்பதாயிரம் கொட்டி அசெம்பிள் செய்கிற கம்ப்யூட்டருக்கு ஏன் கிடைப்பதில்லை? எது எதோடு பொருந்தும் என்று கண்டுபிடிக்கிற வேலை மொத்தமும் காசு கொடுக்கிறவன் தலையில்தான் விழுகிறது. செய்தவனுக்குத் தெரியும், சொல்ல மாட்டான். விற்பவனுக்குத் தெரியாது, ஆனால் சொல்லிவிடுவான். என்ன சொல்வான்? "எல்லாம் ஓடும் சார்."

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கும்பிடு போட்டுவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளெல்லாம் காலாவதிப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. சொந்தத்திலும் பழக்கத்திலும் யார் போன் செய்தாலும் நலம் விசாரித்து முடித்ததும் இதே கேள்விதான்: "ஒரு சிஸ்டம் போடணும், என்ன வாங்கலாம்?"

ரெடிமேடாக ஒன்றை வாங்கித் தொலைக்கலாமே என்றால், அதில் சிலவற்றில் மதர்போர்டும், மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். ஒன்று போனால் வெளியில் கிடைக்காது. அசெம்பிள் செய்தால் போனதை மட்டும் மாற்றலாம், நாளைக்கு ரேம் கூட்டலாம், தேவைக்கேற்பச் செலவு செய்யலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு இதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அந்தப் புத்திசாலித்தனத்துக்கு முன்னால் ஒரு நுழைவுத் தேர்வு வைத்திருக்கிறார்கள்.

முதல் கேள்வியே மதர்போர்டு. பிராசஸர் உட்காருகிற இடம் சாக்கெட். சாக்கெட் எண் ஒன்றாக இருந்தால் பொருந்தும் என்று நினைப்பதுதானே நியாயம்? 2015இல் ஆறாம் தலைமுறையோடு இன்டெல் எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்தது. ஏழாம் தலைமுறைக்கும் அதுதான். 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது, அதற்கும் 1151தான். அதே எண், அதே அளவு. பழைய போர்டில் வைத்தால் கச்சிதமாக உட்காரும், ஆன் ஆகாது. 300 வரிசை போர்டு புதிதாக வாங்கியாக வேண்டும். மின்சாரம் கொடுக்கிற அமைப்பு மாறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். மாறட்டும் ஐயா, எண்ணையும் மாற்றித் தொலைப்பதற்கு என்ன?

இப்போது கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிற எல்ஜிஏ 1700க்கு வருவோம். அதில் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று மூன்று தலைமுறையும் உட்காரும். சந்தோஷம். ஆனால் பன்னிரண்டாம் தலைமுறை காலத்து எச்610, பி660 போர்டு அலமாரியில் தங்கிப்போயிருந்தால், உள்ளே இருக்கிற பயாஸ் என்ற மென்பொருளை அப்டேட் செய்யாமல் பிந்தைய தலைமுறைகளை அது அடையாளம் கண்டுகொள்ளாது. அப்டேட் செய்ய வேண்டுமானால் போர்டை ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்ய வேண்டுமானால் அதற்குத் தெரிந்த பழைய பிராசஸர் ஒன்று வேண்டும். பிராசஸரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளில் உண்டு; விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அது கிடையாது. எந்தப் போர்டு எத்தனாவது பயாஸோடு உள்ளே கிடக்கிறது என்பது, ஸ்டிக்கர் இல்லாவிட்டால், பெட்டியைப் பிரிக்கும்வரை தெரியாது.

அது போதாதென்று, பி760 என்ற ஒரே பெயரில் டிடிஆர்4 ரேம் போடுகிற போர்டும் வருகிறது, டிடிஆர்5 போடுகிற போர்டும் வருகிறது. இரண்டு ரேமுக்கும் அடியில் இருக்கிற வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிப் போட வழியே இல்லை. மாடல் பெயரின் கடைசியில் டி4 என்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தால் தப்பித்தோம்.

ஏஎம்டி மட்டும் யோக்கியமா? ஏஎம்4 சாக்கெட்டைப் பல வருஷம் மாற்றாமல் வைத்திருந்ததற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 2020 மே மாதம், அடுத்து வரப்போகிற ரைசன் 5000 வரிசை, பி450 போன்ற 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று திடீரென்று அறிவித்தார்கள். நம்பி வாங்கியவர்கள் கொதித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவு மாறியது. ஓடும் என்றார்கள், ஓடவும் செய்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னையில் இதற்கெல்லாம் ரிச்சி தெருதான். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் டூவீலர், தள்ளுவண்டி, அட்டைப்பெட்டி அடுக்கு, டீக்கடை எல்லாவற்றுக்கும் நடுவில் பிராசஸரிலிருந்து ஒற்றை ஸ்க்ரூவரை கிடைக்கும். என் அண்ணன் மகள் விஸ்காம் படிக்கிறாள். வீடியோ எடிட்டிங்குக்கு சிஸ்டம் வேண்டும் என்று அவளையும் அழைத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி கால்குலேட்டரைத் தட்டியபடியே பிராசஸர், போர்டு, ரேம் மூன்றும் சேர்த்து ஒரு காம்போ விலை சொன்னார்.

"போர்டுல பயாஸ் அப்டேட் ஆகியிருக்கா தம்பி?"

"எல்லாம் ஓடும் சார்."

"பெட்டியில ஸ்டிக்கர் எதுவும் இல்லையே?"

"நேத்துகூட இதே போர்டு போச்சு சார். கம்ப்ளெய்ன்ட்டே கிடையாது."

"ஓடலைன்னா?"

"ஓடும் சார்."

அண்ணன் மகள் என் காதோரம் குனிந்து, "சித்தப்பா, அவர் பதில் சொல்லல, ஆறுதல் சொல்றார்" என்றாள்.

அந்தத் தம்பியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே விற்கிற பிள்ளை. எந்தச் சரக்கு தங்கியிருக்கிறதோ அதை முதலில் தள்ளு என்று முதலாளி சொல்லியிருப்பார். பொருந்தும் பொருந்தாது என்கிற பட்டியலை எந்தக் கம்பெனியும் அவர் கையில் கொடுக்கவில்லை. பெட்டி மேலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தால் அவருக்கும் சுலபம், நமக்கும் சுலபம். அங்கே அச்சடித்திருப்பதோ கழுகு, டிராகன், மின்னல் வெட்டு.

அடுத்த சோதனை பிராசஸர் எண்ணின் வால் எழுத்து. இன்டெலில் 12400 ஒன்று, 12400எஃப் ஒன்று. எஃப் கொஞ்சம் விலை குறைவு. லாபம் என்று எடுத்து வந்தால், எஃப் இருப்பதில் கிராபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்டு போடாதவரை மானிட்டரில் ஒரு புள்ளிகூட வராது. போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஏஎம்டியில் கதை வேறு. அங்கே ரைசன் 5600இல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜியில் உண்டு. சரி, ஜி இருந்தால் உண்டு என்று மனப்பாடம் செய்துகொண்டீர்களா? அடுத்த தலைமுறை 7600இல் ஜி இல்லாமலே உண்டு. 7500எஃப்பில் இல்லை. இன்டெலில் கே போட்டது வேகத்தைக் கூட்டிக்கொள்ள வசதியுள்ளது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கி பி760 போர்டில் வைத்தால், அந்த வசதி திறக்காது. அதற்கு இசட் வரிசை போர்டு வேண்டும். பெட்டிக்குள் கூலரும் இருக்காது, அதைத் தனியாக வாங்க வேண்டும். வாங்கிய கூலர் கேபினெட்டின் கதவை மூடவிடாத உயரத்தில் இருந்தால் அது உங்கள் தலையெழுத்து.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் நடப்பது குழப்படிகூட இல்லை, சாமர்த்தியம். என்விடியாவின் ஜிடி 1030 என்ற சின்ன கார்டு 2017இல் வந்தபோது அதில் ஜிடிடிஆர்5 மெமரி இருந்தது. மறு வருஷம் அதே 1030 என்ற பெயரிலேயே சாதா டிடிஆர்4 போட்டு இன்னொன்றை இறக்கினார்கள். மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது; பெயர் சுருங்கவில்லை. ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று யாரும் நினைப்பார்கள். உள்ளே இருக்கிற கோர்களும் 1280க்குப் பதில் 1152தான். 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். 12 ஜிபி கார்டின் சிப்பே வேறு, சிறியது. ஊர் உலகமெல்லாம் கத்தியது. அக்டோபரில் அந்த 12 ஜிபி 4080ஐ வாபஸ் வாங்கினார்கள். அதே சரக்கு 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் வந்தது. சத்தம் போடாமல் இருந்திருந்தால் 4080 என்று நம்பி 4070 டிஐயைச் சுமந்துகொண்டு வந்திருப்போம்.

ரேமுக்குத் தனிப் புலம்பல் தேவை. டிடிஆர்5, 6000 வேகம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். மாட்டினால் அந்த வேகத்தில் ஓடாது. பயாஸுக்குள் போய் இன்டெலானால் எக்ஸ்எம்பி, ஏஎம்டியானால் எக்ஸ்போ என்பதை ஆன் செய்ய வேண்டும். இதைச் சொல்ல ஆளில்லாமல் 4800 வேகத்திலேயே வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனையோ பேர். போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறதே, இப்போது இரண்டு போட்டுவிட்டுப் பிறகு இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்பது நம் எல்லோருடைய கணக்கு. ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேம் போட்டால் 5200 வேகம் என்று உத்தரவாதம் தருகிற ஏஎம்டியே, இரட்டை அடுக்கு ரேம் நான்கு போட்டால் 3600தான் என்கிறது. ஸ்லாட் கொடுத்தவர்கள் இந்தச் சேதியை ஸ்லாட் பக்கத்தில் எழுதியிருக்கிறார்களா?

இந்த லட்சணத்தில் விலையும் ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் ரேம் விலை கண்ணெதிரே எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. இத்தனை விலை கொடுத்து வாங்குகிற பொருளில் தவறான ஒன்று அமைந்துவிட்டால் மாற்றி வாங்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

என் வயிற்றெரிச்சல் முழுவதையும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியது எஸ்எம்பிஎஸ்தான். சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை மற்ற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது அது. அது கெட்டால் தனியாகச் சாகாது, கூட இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு போகும். அப்பேர்ப்பட்ட சாமானைத்தான் நம் கடைகளில் 'கேபினெட்டோட ஃப்ரீ சார்' என்று கொடுக்கிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற எடை. பக்கவாட்டில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை விடுங்கள், கீழே இருக்கிற சின்னக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். நான் பார்த்த ஒன்றில் 16 ஆம்பியர் என்று இருந்தது. 16ஐ 12ஆல் பெருக்கினால் 192 வாட். 12400 பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். கூட்டினால் 287. பெட்டியில் 450, வேலைக்கு 192, தேவைக்கு 287. இந்தக் கணக்கு நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் போடவிடாமல் செய்வதற்குத்தான் அந்த 450 அவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது.

சரி, 80 பிளஸ் முத்திரை இருக்கிறதாகப் பார்த்து வாங்கலாம் என்பார்கள். 2004இல் தொடங்கிய அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இழுக்கிற மின்சாரத்தில் எவ்வளவை வீணாக்காமல் கொடுக்கிறது என்பது. மின்னழுத்தம் எகிறினால் காப்பாற்றுமா, உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் எத்தனை வருஷம் தாங்கும் என்பதெல்லாம் அதில் அடங்காது. சோதனையும் 23 டிகிரி சூட்டை ஒட்டி நடக்கிறது. மே மாதத்தில் ஏசி இல்லாத மாம்பலம் வீட்டு அறைக்குள் அந்த 23ஐ எங்கே போய்த் தேடுவது? ப்ரான்ஸ், கோல்ட் என்று பளபளக்கிற பெயர்களைத் தரத்துக்கான மதிப்பெண் என்று நினைத்துத்தான் முக்கால்வாசிப் பேர் வாங்குகிறார்கள். அப்படி இல்லை என்று விற்பவர்கள் திருத்துவதில்லை.

கேபிளைக் கழற்றி மாட்டுகிற எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னொரு அநியாயம். மதர்போர்டு பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். அதற்குப் பொதுவான அளவு உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு எந்தப் பொது விதியும் கிடையாது. பழைய கேபிள் புது எஸ்எம்பிஎஸ்ஸில் அழகாகச் சொருகிக்கொள்ளும். ஆனால் உள்ளே 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வரலாம். ஆன் செய்த மறு நொடி ஹார்டு டிஸ்க் காலி. பொருந்தாததைப் பொருந்தாத வடிவத்தில் செய்வதுதானே முறை? பொருந்துகிற வடிவத்தில் செய்துவிட்டு, பொருந்தாது என்று கையேட்டின் மூலையில் எழுதிவைத்தால் அதற்கு என்ன பெயர்?

யுபிஎஸ்ஸிலும் இதே பெரிய எழுத்து வித்தைதான். 600 விஏ என்று இருப்பதை 600 வாட் என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக்கு வாங்குகிற வழக்கமான 600 விஏ யுபிஎஸ் கொடுப்பது 360 வாட். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டத்தில் கரண்ட் போனதும் யுபிஎஸ்ஸும் சேர்ந்து 'கீ' என்று கத்திவிட்டு அணைந்தால் யுபிஎஸ்மேல் குற்றமில்லை. இதோடு, வீட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டால் கேபினெட்டைத் தொட்டாலே சுரீர் என்னும். எர்த் இருக்கிறதா என்று கேட்ட கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

எல்லாப் பொருத்தமும் படித்துப் பார்த்து, நல்ல பெயராகத் தேடி வாங்கிவிட்டால் நிம்மதியா? அதுவும் இல்லை. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு முதலில் போகிற சரக்கு ஒன்று, ஆறு மாதம் கழித்து அதே பெட்டியில் நமக்கு வருகிற சரக்கு வேறொன்று. 2021இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550 எஸ்எஸ்டியில் உள்ளே இருந்த மெமரியை மாற்றியது சோதனைகளில் அம்பலமானது. பெரிய ஃபைல்களை நகலெடுக்கும்போது பாதி வழியில் வேகம் படுத்துவிட்டது. மாடல் பெயர் அதேதான். விஷயம் வெளியே வந்த பிறகு, இனிமேல் அறிவித்த திறன் மாறினால் மாடல் எண்ணையும் மாற்றுவோம் என்று உறுதி சொன்னார்கள். அதற்கு முந்தின வருஷம் அதே நிறுவனம், ரெட் வரிசை ஹார்டு டிஸ்க்குகளில் எழுதும் வேகம் குறைந்த எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமல் புகுத்தியது தெரியவந்து, பிறகுதான் எதெது எந்த முறை என்ற பட்டியலை வெளியிட்டது.

பிராசஸர் என்றால் கல்மாதிரி, அது போகவே போகாது என்று ஒரு நம்பிக்கை நமக்கு உண்டு. இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறையில் விலை கூடிய டெஸ்க்டாப் பிராசஸர்கள் அந்த நம்பிக்கையைக் கெடுத்தன. கேம் நடுவில் நின்றது, சிஸ்டம் காரணமில்லாமல் அணைந்தது. ஜனங்கள் ரேமை மாற்றினார்கள், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினார்கள், விண்டோஸைத் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். 2024 ஜூலையில்தான், பிராசஸர் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. பெட்டியோடு வாங்கியவர்களுக்கு வாரன்ட்டியை இரண்டு வருஷம் நீட்டி ஐந்து வருஷமாக்கினார்கள். பெட்டியில்லாமல் 'ட்ரே' சரக்காக விலை குறைத்து வாங்கியவர்கள் விற்ற கடைக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

நிற்பது என்றதும் வாரன்ட்டி ஞாபகம் வருகிறது. நண்பர் ஒருவரின் போர்டு திடீரென்று படுத்துவிட்டது. வாரன்ட்டி காலம் மிச்சமிருந்ததால் தைரியமாக சர்வீஸ் சென்டருக்குப் போனோம். டோக்கன் வாங்கி உட்கார்ந்து, முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சாக்கெட் மூடியைத் திறந்தார். விளக்குள்ள பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தார். போனில் ஒரு போட்டோ எடுத்தார். "பின் பென்ட் ஆகியிருக்கு சார். ஃபிசிக்கல் டேமேஜ். வாரன்ட்டி வராது." அவ்வளவுதான், அடுத்த டோக்கன். முடிபோல் மெல்லிய ஆயிரத்துச் சொச்சம் பின்களில் ஒன்று எங்கோ மூலையில் சாய்ந்திருந்தது. அசெம்பிள் செய்தது கடைக்காரர். நண்பர் ஸ்க்ரூடிரைவரையே தொட்டதில்லை. கடைக்குப் போனால், "நாங்க குடுக்கும்போது ஓடுச்சே சார்" என்றார்கள். அதுவும் வாஸ்தவம்தான். பின் வளைந்ததால் போர்டு போனதா, போர்டு போனதற்கு வேறு காரணமா என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

பில் இல்லாமல் வாங்கியிருந்தால் இந்த மட்டுக்கும் போயிருக்க முடியாது. "பில் வேணாம்னா ஜிஎஸ்டி குறையும் சார்" என்று பாசத்தோடு சொல்வார்கள். 18 சதவீதம் என்றால் கை அரிக்கத்தான் செய்யும். அந்த 18 சதவீதத்தில்தான் உங்கள் மூன்று வருஷ வாரன்ட்டியும் இருக்கிறது. மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்கு இங்கே பெரும்பாலும் வாரன்ட்டி பார்ப்பது இறக்குமதி செய்த விநியோகஸ்தர்கள்தான். அவர்கள் வழியாக வராமல் வெளிநாட்டிலிருந்து பையில் வந்த சரக்குக்கு இங்கே நாதி கிடையாது.

2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. பில் கொடுக்காதது நியாயமற்ற வணிக முறை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஆகவே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டால் பழுதான பொருளிலிருந்து கடைக்காரர் கழன்றுகொள்ள முடியாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் இல்லை. நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.

பி450 போர்டு, 4080, எஸ்எஸ்டி, இன்டெல் வாரன்ட்டி என்று மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். கம்பெனிகள் தாமாக மனமிரங்கி எதையும் சொல்லவில்லை. வாங்கியவர்கள் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள், அதனால் சொன்னார்கள். பொருந்துமா, எத்தனை வாட், உள்ளே என்ன என்பது ஒன்றும் ரகசியமில்லை. செய்தவர்களின் கம்ப்யூட்டரில் பட்டியலாக இருக்கிறது. அதைப் பெட்டிமேல் நான்கு வரியில் அச்சடிக்க மை செலவுகூட ஆகாது. அச்சடித்தால் தங்கிப்போன சரக்கு விற்காது என்பது மட்டும்தான் தடை.

அதனால் சிஸ்டம் போடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாப் பாகங்களின் சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். சாக்கெட் மூடியைத் திறந்ததும் கவுன்ட்டரிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே மாட்டி ஆன் செய்து, பயாஸ் திரையில் பிராசஸர் பெயரும் ரேம் வேகமும் தெரிவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனியாகச் செலவு செய்யுங்கள். 'எல்லாம் ஓடும் சார்' என்று சொன்னால் சிரித்துக்கொண்டே, "சந்தோஷம் தம்பி, அதையே பில்லுல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் பென் டிரைவ்கூட வாங்காதீர்கள்.